யாழ்ப்பாணம் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? மணிக்கூட்டைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

சென்னையில் இருந்து ஒரு குடும்பம், ரொறன்ரோவில் இருந்து இன்னொரு குடும்பம், இரண்டும் ஒரே கிழமையில் வந்திறங்க, எல்லாருக்குமாக நாலு நாள் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. நூலகத்துக்கு எந்த நாள் பூட்டு, படகு எத்தனை மணிக்கு, நண்டுக்கு எங்கே முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும் என்று விசாரித்தே பாதி நாள் போனது. அந்த அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

வரலாறு சொல்லப் போவதில்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இது இரவு பகலாக விழித்திருக்கும் நகரம் இல்லை. கோயில் நடைக்கு ஒரு நேரம், படகுக்கு ஒரு நேரம், மத்தியானச் சோற்றுக்கு ஒரு நேரம், கொத்துறொட்டிக்கு ஒரு நேரம். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பாதிக் கதவுகளைப் பூட்டியபடியே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

1. எந்த மாதம் வருவது

தை, மாசி, பங்குனி நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஓரளவு தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும், ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும், தீவுப் படகுகளும் சொன்னபடி ஓடாது. சித்திரை, வைகாசி வெயில் கொஞ்சம் கொடுமை. ஆனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அந்த மாதங்களை ஒட்டித்தான் வரும் என்பதால் அதற்காகவே வருகிறவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தைத் தனியாக யோசியுங்கள். ஆடி அமாவாசைக்குச் சில நாட்களின் பின் கொடியேறும், 25 நாள் நடக்கும், 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். ஆங்கில மாதத்தில் அநேகமாக ஜூலைக் கடைசிக்கும் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் விழும். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் அதே நேரம்தான். அதனால் அறை வாடகை ஏறும், வான் கிடைக்காது, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். திருவிழாவைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் மாதக்கணக்கில் முன்னதாக அறை பிடியுங்கள். ஊர் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அந்த 25 நாளைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் நிம்மதியாகச் செய்ய முடியாது.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

இலங்கைக்குள்ளேயே பயணம் செய்கிறவர்களுக்குத் தேசிய அடையாள அட்டை போதும். ரயில் ஆசனம் பதியும்போது அதன் இலக்கத்தைக் கேட்பார்கள், தங்குமிடத்தில் பதிவேட்டில் எழுதுவார்கள். வெளியில் இருந்து வருகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு. ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் மிஞ்சியிருக்க வேண்டும். விசாவுக்கு ஈ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதி.

இங்கேதான் முதல் பொறி. இணையத்தில் தேடினால் அரசாங்கத் தளம் போலவே தோற்றம் கொண்ட பல தளங்கள் மேலே வந்து நிற்கும். அவை உங்கள் விண்ணப்பத்தை வாங்கி, தங்கள் தரகையும் சேர்த்து இரண்டு மடங்கு பணம் எடுத்துக்கொள்ளும். தள முகவரி 'கவ் டொட் எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று பார்த்த பிறகு மட்டும் கார்ட் இலக்கத்தைப் போடுங்கள். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறும். போன வருடம் வந்த மச்சான் சொன்ன தொகையை நம்ப வேண்டாம், அந்தத் தளத்தில் உள்ளதுதான் கணக்கு.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே நடப்பது: இங்கே பிறந்தவர்தான், ஆனால் இப்போது கையில் இருப்பது கனடாவோ பிரித்தானியாவோ கொடுத்த கடவுச்சீட்டு. இரட்டைக் குடியுரிமை எடுக்காதவரை நீங்களும் விசா எடுத்துத்தான் வர வேண்டும். 'நான் கொக்குவிலில் பிறந்தனான்' என்பது குடிவரவு மேசையில் எடுபடாது.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் யோசனை இருந்தால், வெளிநாட்டு உரிமமோ சர்வதேச உரிமமோ மட்டும் போதாது. இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தின் அங்கீகாரமோ மோட்டார் வாகனத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதியோ வேண்டும். வாடகைக்குக் கொடுக்கிறவர் 'அதெல்லாம் பிரச்சினை இல்லை' என்பார். மறிக்கிற பொலிஸ்காரர் அப்படிச் சொல்ல மாட்டார், விபத்து என்றால் காப்புறுதியும் கைவிரிக்கும்.

3. வந்து சேருவது

கொழும்பில் இருந்து ரயிலா பஸ்ஸா என்றால் நான் ரயில்தான் சொல்லுவேன். ரயில்வே திணைக்களத்தின் முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். வெள்ளி இரவு, ஞாயிறு பகல், நீண்ட வார இறுதி என்றால் ஆசனங்கள் திறந்த கையோடு முடிந்துவிடும். வரும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டுக்கும் அன்றே நாளைக் குறித்து வையுங்கள். வந்த பிறகு திரும்ப இடமில்லாமல் தவிக்கிறவர்கள்தான் அதிகம். பதிந்த இலக்கத்துக்குரிய அட்டையோ கடவுச்சீட்டோ பயணத்தில் கையில் இருக்க வேண்டும். அதனால் வேறு பெயரில் வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்களிடம் போகாதீர்கள். என் உறவினர் ஒருவர் இப்படி ஒரு இடைத்தரகரிடம் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டுக் கடைசியில் பஸ்ஸில்தான் வந்தார்.

புறப்படும் நேரத்தை முதல் நாள் ஒருமுறை சரிபாருங்கள். பாதை திருத்த வேலை வந்தால் அட்டவணை மாறிவிடும்.

இரவு பஸ் ஒரு நாளை மிச்சப்படுத்தும் என்று சொல்லுவார்கள், உண்மைதான். ஆனால் விடிய முன்னரே கொண்டுவந்து இறக்கிவிடுவான், அறையோ மத்தியானம்தான் தருவார்கள். பஸ்ஸில் வருவதாக இருந்தால் தங்குமிடத்துக்கு முதல் நாளே அழைத்து, 'விடியப் புறம் வந்திடுவம், முகம் கழுவ, பெட்டி வைக்க இடம் தருவீங்களோ' என்று கேட்டுவிடுங்கள். வீட்டோடு சேர்ந்த விடுதிக்காரர் அநேகமாக மறுக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் இருந்து என்றால் இங்கத்தைய பலாலி விமான நிலையத்துக்கு நேரே விமானம் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டிய பயணம். சிறிய விமானம் என்பதால் பொதிக் கட்டுப்பாட்டை டிக்கெட் எடுக்கும்போதே வாசியுங்கள். நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடுகிறது, நாலு மணி நேரம் அளவில் ஆகும். அது கடலின் மனதைப் பொறுத்தது, மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கப்பலில் வருகிறவர்கள் திரும்பும் நாளுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

4. எங்கே தங்குவது

முதல்முறை வருகிறவர்களுக்கு நல்லூர்ப் பக்கம், அல்லது ரயில் நிலையத்தையும் சுண்டுக்குளியையும் ஒட்டிய பகுதி. இரண்டில் இருந்தும் நகரத்துக்கு ஓட்டோவில் சில நிமிடம்தான். முன்பதிவுத் தளங்களில் 'யாழ்ப்பாணம்' என்று போட்டிருப்பார்கள், இடம் பார்த்தால் கோப்பாயிலோ மானிப்பாயிலோ இருக்கும். நல்ல வீடாகவே இருக்கலாம், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்வரும் ஓட்டோக் காசை யார் கொடுப்பது? வரைபடத்தைப் பார்த்த பிறகு காசு கட்டுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? காலைச் சாப்பாடு உண்டா? சமைத்துத் தருவீர்களா? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், ஏன் என்று சாப்பாட்டுப் பகுதியில் வருகிறது.

5. ஊருக்குள் ஓடித் திரிவது

நகரத்துக்குள் ஓட்டோ. கைபேசியில் ஓட்டோ பிடிக்கும் பிக்மீ செயலி இங்கேயும் வேலை செய்யும், தெருவில் மறித்துக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும். முழு நாளுக்கு ஓட்டோ பிடிக்கும்போது மூன்றையும் ஏறுமுன் பேசுங்கள்: எந்தெந்த இடம், காத்திருக்கும் நேரம் சேர்த்தா, திரும்பிக் கொண்டுவந்து விடுவதும் அடக்கமா. 'அண்ணை, எல்லாம் சேர்த்து எவ்வளவு?' என்று ஒரு வார்த்தை. 'பார்த்துத் தாங்கோ' என்று பதில் வந்தால் சிரித்துவிட்டுத் தொகையைக் கேட்டு வாங்குங்கள். பார்த்துத் தாங்கோவில் தொடங்கிய எந்தப் பயணமும் கடைசியில் இரண்டு பேருக்கும் திருப்தியாக முடிந்ததை நான் பார்த்ததில்லை.

பஸ் மலிவு. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு 776, பருத்தித்துறைக்கு நெல்லியடி வழியாக 750, இரண்டும் வைத்தியசாலை வீதியில் உள்ள மத்திய பஸ் நிலையத்தில் பிடிக்கலாம். பஸ்ஸில் நூற்றுக்கணக்கில் முடிகிற பயணம் ஓட்டோவில் ஆயிரக்கணக்கில் வரும். நாலைந்து பேர் என்றால் ஒரு வானைப் பகிர்ந்துகொள்வது இரண்டுக்கும் நடுவில் சரியாக வரும்.

காசு எடுக்கும் இயந்திரங்கள் நகரத்தில் நிறைய உண்டு. தீவுகளுக்குப் போகிற நாளில் தேவையான பணத்தை முதல் நாளே எடுத்து, அதில் ஒரு பகுதியைச் சில்லறையாக மாற்றி வையுங்கள். படகில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் ஏறுகிறவர் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

6. நகரத்துக்கு ஒரு நாள்

காலமை நல்லூர். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம், வேட்டி இருந்தால் நல்லது. பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, சுடிதார் எல்லாம் சரி. அரைக்காற்சட்டையோடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், ஆணானாலும் பெண்ணானாலும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. பூசை சொன்ன மணிக்குத் தொடங்கும், யாருக்காகவும் பிந்தாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், ஆமாம், ஒரே ஒரு ரூபாய். அந்த நாணயத்தைத் தேடிப் பிடிப்பதுதான் இப்போது கஷ்டம். மத்தியானப் பூசை முடிந்ததும் நடை சாத்தினால் திறப்பது பின்னேரம்தான், ஆகவே பதினொரு மணி வெயிலில் ஆறுதலாகக் கிளம்பி வராதீர்கள்.

பொது நூலகம் திங்கட்கிழமையிலும் அரச விடுமுறையிலும் பூட்டு, போயா நாளும், அதாவது பௌர்ணமியும், விடுமுறைதான் என்பதை வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற இடம், சத்தம் போட்டுப் படம் எடுக்கிற கூட்டத்தை அங்கே யாருக்கும் பிடிக்காது.

மத்தியானம் பன்னிரண்டில் இருந்து மூன்று மணி வரை எங்கும் போகாதீர்கள். சாப்பிடுங்கள், படுங்கள். உள்ளூர்க்காரர் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம்.

நாலரைக்கு மேல் கோட்டை. உள்ளே நிழல் மிகக் குறைவு, கல் சுடும், பகலில் போனவர்கள் அதைக் கோட்டை என்று நினைவில் வைத்திருப்பதில்லை, அடுப்பு என்றுதான் சொல்லுவார்கள். பின்னேரம் மதிலில் ஏறினால் பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம், காற்றும் வரும். அப்புறம் பண்ணைக் கரையில் கச்சான் (வேர்க்கடலை), சோளம் வாங்கிக் கொறித்துக்கொண்டு நடக்கலாம்.

சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை இரண்டும் நல்லூருக்குப் பக்கத்திலேயே, ஓட்டோவில் அரை மணிக்குள் முடியும். அவற்றுக்காகத் தனி நாள் வைக்கத் தேவையில்லை. கடை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள், நகரத்தில் பாதிக் கடை பூட்டியிருக்கும்.

7. தீவுகள்: ஒரு நாளைக்கு ஒன்று

நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் ஒரே இறங்குதுறையில் இருந்துதான், அதாவது புங்குடுதீவின் முனையில் உள்ள குறிகட்டுவானில் இருந்து புறப்படுகின்றன. அதனால் இரண்டு தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று வரைபடம் சொல்லும். கேட்காதீர்கள்.

நயினாதீவு சுலபம். இருபது நிமிடப் படகு, ஆட்கள் நிரம்ப நிரம்ப ஓடிக்கொண்டிருக்கும். நாகபூசணி அம்மன் கோயில் இறங்கும் இடத்திலேயே, நாகவிகாரை நடந்து போகும் தூரத்தில். கோயிலுக்கு நல்லூரில் சொன்ன அதே உடை ஒழுங்கு. அமுதசுரபி என்ற அன்னதான மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு உண்டு, அந்த நேரத்தை ஒட்டிப் போனால் சாப்பாட்டுக் கவலை இல்லை, முடிந்ததை உண்டியலில் போடுங்கள். போயா வார இறுதியிலும் ஆனி மாதத்து அம்மன் திருவிழாவிலும் படகுக்கு வரிசை நீளும், சின்னப் பிள்ளைகளோடு என்றால் அந்த நாட்களைத் தவிருங்கள். படகுகள் சிலவற்றில் கீழ்த்தட்டில் இறக்கி உட்கார வைப்பார்கள். இயந்திரப் புகையும் வெக்கையும் சேர்ந்து தலையைச் சுற்றும். வயிறு புரட்டுகிறவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

நெடுந்தீவு அப்படி இல்லை. ஒரு மணி நேரம் அளவில் கடலில் போக வேண்டும், ஒரு நாளில் ஓடும் படகுகளும் கொஞ்சம். காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைய திட்டம் முடிந்தது. அதற்கு யாழ்ப்பாணத்தில் இருந்து விடியவே கிளம்ப வேண்டும், குறிகட்டுவானுக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். முதல் நாள் தங்குமிடத்துக்காரர் மூலம் அன்றைய படகு நேரத்தை உறுதிப்படுத்துங்கள், இணையத்தில் எப்போதோ யாரோ எழுதிய நேரத்தை வைத்துப் போகாதீர்கள். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பும் மாதங்களில் கடல் கடுமையாக இருக்கும், சேவையே நிற்கலாம்.

இறங்கியதும் செய்ய வேண்டியது இரண்டு. முதலில் படகுக்காரரிடம் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பது. அடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்பது, ஏனென்றால் அங்கே கடைகள் ஆளைப் பார்த்துத்தான் உலை வைக்கும். பிறகு ஓட்டோவோ சிறிய வானோ பேசிக்கொண்டு சுற்றுங்கள்: காட்டுக் குதிரைகள், பெருக்குமரம், முருகைக்கல் மதில்கள், பழைய கோட்டை இடிபாடு, புறாக்கூடு. குதிரைகள் வெட்டவெளியில் நிற்கும், கிட்டப் போய்த் தட்டிக்கொடுக்கும் எண்ணம் வேண்டாம். தண்ணீர், தொப்பி நீங்களே கொண்டு போங்கள்.

கடலில் குளிப்பதுதான் நோக்கம் என்றால் படகே வேண்டாம். வேலணையில் சாட்டி, காரைநகரில் கசூரினா, இரண்டுக்கும் வாகனத்தில் நேரே போகலாம். கசூரினாவில் நெடுந்தூரம் போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

8. வடக்குக் கரைக்கு ஒரு நாள்

கீரிமலையில் தொடங்குங்கள். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. மாற்றுடுப்பும் துவாயும் கொண்டு போனால் குளிக்கலாம். ஆடி அமாவாசை அன்று பிதிர்க்கடன் செய்ய வரும் சனத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அங்கிருந்து கிழக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று போய், சக்கோட்டை முனையில் இலங்கையின் வட எல்லை என்ற பலகைக்கு முன் ஒரு படம். நேரம் இருந்தால் வல்லிபுர ஆழ்வார் கோயில், அதற்கும் அப்பால் மணற்காட்டு மணல்மேடுகள். வெயில் சாய்ந்த பிறகுதான் மணலில் கால் வைக்க முடியும். வழியில் பருத்தித்துறைத் தட்டை வடையை மறக்காமல் வாங்குங்கள், பல நாள் கெடாது.

பலாலிப் பக்கமும் கடற்கரையோரமும் படை முகாம்கள் உண்டு, அங்கே கமெராவைத் தூக்காதீர்கள். ட்ரோன் கொண்டு வருவதாக இருந்தால் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட வேண்டாம்.

9. சாப்பாடு

யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டு மூன்று நேரமும் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிழை இல்லை. இங்கத்தைய நல்ல சாப்பாட்டில் முக்கால்வாசி வீடுகளில் இருக்கிறது, கடைப் பலகையில் இல்லை. அதை வெளியே எடுக்கக் கொஞ்சம் வழி தெரிய வேண்டும்.

காலையில் இடியப்பம், சொதி (தேங்காய்ப்பால் குழம்பு), சம்பல், தோசை, பிட்டு. நகரத்தில் மலாயன் கபே மரக்கறிக்குப் பேர்போனது, வாழையிலைச் சாப்பாடு, பரிமாறுகிறவர் வேகத்துக்கு நீங்களும் சாப்பிட வேண்டும். திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகம், பெண்கள் நடத்துவது, மாகாண விவசாயத் திணைக்களம் தொடக்கிய திட்டம். அப்பம், கொழுக்கட்டை, இலைக்கஞ்சி, வடை எல்லாம் கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருவார்கள். விலையும் குறைவு, இந்த ஊரில் கொடுக்கும் காசுக்கு இதைவிடப் பெறுமதியான சாப்பாட்டை நான் காணவில்லை. தானே எடுத்துச் சாப்பிடும் முறை, வரிசையில் நிற்க வேண்டும்.

மத்தியானச் சோறு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில். இரண்டரைக்குப் போனால் கறி முடிந்திருக்கும், மிஞ்சியது பருப்பும் ஒரு பொரியலும்தான். கொத்துறொட்டி பின்னேரம் ஆறுக்குப் பிறகு, தட்டுகிற சத்தம் கேட்கிற பக்கம் நடந்தால் போதும். புரியாணி, மாட்டுக் கறி வேண்டுமானால் ஐந்துசந்திப் பக்கத்து முஸ்லிம் கடைகள். இரவு ஒன்பதுக்கு மேல் 'எங்கே சாப்பிடலாம்' என்று யோசிக்கத் தொடங்காதீர்கள், அப்போது திறந்திருக்கிற கதவுகளை விரல்விட்டு எண்ணலாம்.

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய றோல்ஸ், பற்றீஸ், வாய்ப்பன் கொண்டுவந்து வைப்பார்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்த என் ஆட்கள் அவ்வளவையும் தங்களுக்குத்தான் என்று நினைத்து மூச்சுவிடாமல் சாப்பிடப் பார்த்தார்கள். சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். பிளேன்ரீக்கு (பால் விடாத தேத்தண்ணிக்கு) சீனி குறைவு வேண்டுமானால் ஊற்றும் முன்பே சொல்லுங்கள்.

'மச்சமோ மரக்கறியோ' என்று கேட்பார்கள், மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். வெள்ளிக்கிழமையிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் பல வீடுகளில் மச்சம் காய்ச்சுவதில்லை. தங்குமிட வீட்டுக்காரர்களும் அப்படியாக இருக்கலாம், நண்டுக்கு அந்த நாளைக் குறிக்காதீர்கள். போயா நாளில் நாடு முழுக்க மதுச்சாலை பூட்டு.

நண்டுக்கு வருவோம். கடையில் நண்டுக் கறி கேட்டால், விலை ஒரு நண்டுக்கா, ஒரு கோப்பைக்கா, நிறைக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். 'சீசன் விலை' என்று மட்டும் பலகையில் இருந்தால் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது என்பது கடற்கரையில் எல்லாரும் சொல்லும் பேச்சு. அதைவிட நல்ல வழி, தங்குமிடத்து அக்காவிடம் முதல் நாள் இரவே சொல்லிவைப்பது. காலமை சந்தையில் நீங்கள் கொடுத்த காசுக்கு நண்டு வாங்கி, வறுத்து இடித்த தூளும் முருங்கையிலையும் போட்டுக் காய்ச்சித் தருவா. அதற்குச் சமையல் கூலியையும் முன்பே பேசிவிடுங்கள், அவ வாய்விட்டுக் கேட்கமாட்டா.

ஒடியல் கூழும் அப்படித்தான். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு ஒரு பெரிய பானையில் காய்ச்சுகிற சாமான் அது, இரண்டு பேருக்கு என்று காய்ச்ச ஏலாது. ஆறேழு பேராவது சேர்ந்து ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். சில உணவகங்களும் சொல்லிவைத்தால் செய்து தரும். பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றித் தந்தால் இரண்டு கையாலும் பிடித்துக் குடியுங்கள், கரண்டி தேடாதீர்கள்.

உறைப்பு: 'கொஞ்சம் குறைச்சு' என்று இங்கே சொன்னால் உங்கள் ஊர்க் கணக்கில் அது இன்னும் நல்ல உறைப்புத்தான். பிள்ளைகளுக்குச் சொதியும் சோறும் கேளுங்கள், சொல்லாமலே இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். இங்கத்தைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது, பல இடங்களில் உவர். போத்தல் தண்ணீரே குடியுங்கள்.

பில் வரும்போது ஒரு பொறி. சாதாரணச் சாப்பாட்டுக்கடையில் பலகையில் போட்ட விலைதான் கடைசி விலை. குளிரூட்டிய உணவகத்திலும் ஹோட்டலிலும் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வற் வரி என்று சேரலாம். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். பத்துப் பேர் சாப்பிட்ட பில்லில் இது சின்னத் தொகை இல்லை.

நல்லூருக்குப் பக்கத்தில் றியோ ஐஸ்கிறீம் கடை. பின்னேரக் கூட்டம் கூடுதல், ஆனால் அந்தச் சத்தத்தில்தான் அங்கே ருசி. தவறணையில் பனங்கள்ளு குடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆண்டின் முற்பாதியில் வாருங்கள், காலமை இறக்கியதைக் காலமையே குடியுங்கள், பின்னேரம் புளித்துவிடும்.

10. கொண்டு போகும் சாமான்

பனங்கட்டிக் குட்டான் (ஓலைப் பெட்டியில் வரும் பனைவெல்லம்), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி) எல்லாம் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் நிலையான விலைக்குக் கிடைக்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தையில் பேரம் பேசலாம், ஆனால் பனங்கட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று ஒரு துண்டு கடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மிளகாய்த்தூளை அரைவை ஆலையில் கண்ணுக்கு முன்னால் திரித்து வாங்கினால் உத்தமம். இரண்டு பையில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உடுப்பெல்லாம் தூள் மணக்கும். வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய் பாரம் இல்லை, எவ்வளவும் கொண்டு போகலாம். எள்ளுருண்டையைக் கடைசி நாள் வாங்குங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் நெல்லி ரசம், நல்லெண்ணெய்ப் போத்தல்களைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிலீற்றருக்கு மேல் என்றால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், பழைய சாரத்தில் (லுங்கியில்) சுற்றி, நடுவில் வையுங்கள். மாம்பழம், பச்சை மரக்கறி, விதைகளுக்குப் போய் இறங்கும் நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கும். அதை வாங்குமுன் பாருங்கள். இல்லையென்றால் கறுத்தக்கொழும்பானை விமான நிலையத்துக்குப் போகுமுன் இங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.